சுவருக்குள் ஈரம், சுவர்மேல் வண்ணம்

மார்கழி பிறந்ததும் தமிழ்நாட்டுத் தெருக்களில் சவுக்குக் கட்டைச் சாரம் எழும்பத் தொடங்கும். போகிக்குள் வெளிச்சுவர் புதுசாகிவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் நெருக்குவார். பெயின்டர் அவசரமாகச் சுரண்டி, அவசரமாக அடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். தை முழுக்க வீடு பளிச்சென்று நிற்கும். சித்திரை வெயிலில் சன்னலுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரியும். ஐப்பசி மழை பிடித்ததும் கொப்புளம் உடைந்து, வண்ணம் தோல் தோலாகத் தொங்கும். விலை உயர்ந்த வாளி வாங்கிய வீட்டிலும் இதைப் பார்க்கிறேன். மலிவு வாளி வாங்கிய வீட்டிலும் பார்க்கிறேன். வண்ணம் ஏறிய நாளில் சுவருக்குள் எவ்வளவு தண்ணீர் இருந்தது, எவ்வளவு காரம் இருந்தது, அடியில் கிடந்த பழைய அடுக்கு சுவரைப் பிடித்துக்கொண்டிருந்ததா ஆகிய மூன்றும்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. வாளியின் விலை அதற்கெல்லாம் பிறகுதான் கணக்குக்கு வரும்.

இந்த மார்கழிக் கணக்கு சுண்ணாம்புக் காலத்திலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் வேகவைத்தால், அதிலிருந்த கரியமில வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்கும்போது, அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல இழுத்து மறுபடியும் கல்லாகிறது. அப்படிக் கல்லாவதற்கு ஈரம் வேண்டும். காய்ந்து கொதிக்கும் சுவரில் அடித்தால் நீரைச் சுவர் சட்டென்று உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு பொடியாகவே நின்று சாய்ந்தவர் முதுகில் ஒட்டும். அதனால்தான் பழைய கொத்தனார்கள் வெள்ளையடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளித்தார்கள். கெட்டியாக ஒரே கோட்டு அடிக்காமல், தண்ணியாகப் புதுச்சுவருக்கு மூன்று கோட்டு அடித்தார்கள். பிடிப்புக்குக் கஞ்சியோ பசையோ சேர்த்தார்கள். வெண்மை எடுப்பாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கலந்தார்கள். மழை ஓய்ந்து, உள்ளே ஈரம் மிச்சமிருந்து, வெயிலும் தணிந்திருக்கும் மார்கழி இந்தப் பொருளுக்குப் பொருத்தமான மாதம். சுவரில் மீதமிருந்த ஈரமும் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே பின்னால் மெதுவாக வெளியேறிவிடும்.

இன்று வாளியில் வருவது அக்ரிலிக் எமல்ஷன். நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துகள்கள், நீர் ஆவியானதும் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிப் படலமாகின்றன. அந்தப் படலம் நீராவியை ஓரளவுக்கு வெளியே விடும். சுவருக்குள் தேங்கிய தண்ணீர் மொத்தமும் வெயில் பட்டு ஒரே நேரத்தில் வெளியே வர முயன்றால் அதற்கு வழி போதாது. அப்போது ஆவி படலத்தைப் பின்னாலிருந்து தள்ளும். பிடிப்பு குறைந்த இடத்தில் கொப்புளமாகும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அதைக் குடித்து நிறைந்த சுவரை இரண்டே வாரத்தில் படலம் போட்டு மூடுவதுதான் நம் வழக்கமாக இருக்கிறது. சுண்ணாம்பை விட்டுவிட்டோம், சுண்ணாம்பின் நாள்காட்டியை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

வெளிப்புற வண்ண வேலையில் ஒவ்வொரு பரப்பும் தனிப் பாடம். இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கு ஒரே நெறிமுறை வைக்கவில்லை. வெள்ளையடிப்புக்கும் வண்ணச் சுண்ணாம்புக்கும் ஐ.எஸ். 6278, கான்கிரீட், கட்டுச்சுவர், பூசிய பரப்பு ஆகியவற்றுக்கு ஐ.எஸ். 2395, மரத்துக்கு ஐ.எஸ். 2338, கட்டடங்களில் வரும் இரும்புக்கு ஐ.எஸ். 1477 எனத் தனித்தனியே இருக்கின்றன. இவற்றில் 1477இன் முதல் பகுதி முழுவதும் வண்ணத்துக்கு முந்தைய தயாரிப்பைப் பற்றியது. வண்ணம் அடிப்பது இரண்டாம் பகுதியில்தான் வருகிறது. நம் தெருவில் நடக்கும் வேலையில் தயாரிப்புக்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை.

தயாரிப்பு என்றதும் உப்புத்தாளும் கம்பி பிரஷும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் வீட்டைச் சுற்றி நடந்து தண்ணீரின் வழியைப் பார்க்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் தலையில் வெடிப்பு இருந்தால் மழை அங்கே இறங்கி, சுவரின் நடுவில் வெளியே வரும். சன்ஷேடின் அடிவிளிம்பில் சொட்டு வெட்டு இல்லாவிட்டால் தண்ணீர் அடிப்பக்கமாகவே ஓடிச் சுவரைத் தொடும். மழைக்குழாயின் இணைப்பு கசியலாம், தொட்டி நிரம்பி வழியலாம், குளியலறைக் குழாய் சுவருக்குள் விட்டிருக்கலாம். இவற்றில் ஒன்றைச் சரிசெய்யாமல் விட்டாலும் மேலே அடிக்கும் எந்த வண்ணமும் நிற்காது. கொத்தனாரும் பிளம்பரும் முடித்துவிட்டுப் போன பிறகுதான் பெயின்டர் வர வேண்டும். நடைமுறையில் முதலில் வருபவர் பெயின்டர். அவரிடமே கசிவுக்கும் தீர்வு கேட்கிறோம். அவரும் தெரிந்த ஒரே வழியாகக் கெட்டியான வண்ணம் ஒன்றைச் சொல்கிறார்.

நான்கு பக்கச் சுவரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. வடகிழக்குப் பருவக்காற்று மழையைச் சாய்த்து அடிப்பது வடக்கு, கிழக்குச் சுவர்களில். அதே மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து ஓடுவதால் வடக்குச் சுவருக்கு நேர்வெயில் கிடைப்பதே இல்லை. பாசி முதலில் கறுத்துப் படர்வது அங்கேதான். மேற்குச் சுவரைப் பிற்பகல் வெயில் வாட்டுகிறது. நிறம் முதலில் வெளிறுவது அந்தப் பக்கம். வீடு முழுக்க ஒரே தயாரிப்பு என்று பேரம் பேசுவதைவிட, வடக்குச் சுவரைக் கழுவுவதற்கு ஒரு நாள் கூடுதலாகக் கொடுப்பது பயன் தரும்.

சுவரைச் சோதிக்க எளிய வழிகள் உண்டு. ஓரடிச் சதுரப் பாலித்தீன் தாளை நான்கு விளிம்பிலும் டேப்பால் இறுக்கி ஒட்டி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை. உள்ளங்கையால் தேய்த்தால் பொடி அப்புமானால் பழைய வண்ணம் சுண்ணமாகிவிட்டது. பழைய வண்ணத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுத்தால், கூடவே சதுரங்கள் பெயர்ந்து வருகின்றனவா என்பது தெரியும். கரண்டிக் காம்பால் தட்டிக்கொண்டே போனால் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கும் இடம் பொள்ளல் சத்தம் கொடுக்கும். நான்கு சோதனைக்கும் சேர்த்துப் பெரிய செலவாகாது.

புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர்தான் இன்று அதிகம். இங்கே அவசரத்தில் முதலில் மறக்கப்படுவது காரத்தன்மை. சிமென்ட் நீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்புக் காரம் உண்டாகிறது. புதுச் சிமென்டின் பி.எச். அளவு 12க்கு மேலே இருக்கும். எண்ணெய்ப் பிசினால் ஆன எனாமலை அதன்மேல் அடித்தால் காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகிவிடும்; வண்ணம் பிசுபிசுத்து வழன்று வரும். எமல்ஷன் அந்த அளவுக்குக் கெடுவதில்லை என்றாலும் நிறம் திட்டுத் திட்டாக வெளிறும். பூச்சுக்குக் குறைந்தது ஒரு வாரம் தண்ணீர் காட்டி, அதையும் சேர்த்து மொத்தம் 28 நாளாவது பொறுத்துக் காயவிட வேண்டும். மழைக்காலமாக இருந்தால் இன்னும் கூடும். கிரகப்பிரவேச நாளைக் குறித்துவிட்டுப் பின்னோக்கி எண்ணுபவர்கள் இந்த 28 நாளைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். அப்படி நாள் குறித்துவிட்ட வீட்டுக்கு நான் சொல்வது, அன்றைக்கு பிரைமரோடு நிறுத்துங்கள்; வெள்ளையாகவே வீடு திறக்கட்டும்; நிறத்தை மாசியில் அடிக்கலாம்.

உப்புப் பூப்பது அடுத்த தொல்லை. செங்கல்லிலோ மணலிலோ கட்டுமானத்துக்கு ஊற்றிய போர்வெல் தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரம் வெளியேறும்போது அதனுடனே வந்து மேல்பரப்பில் வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. அதைப் பார்த்ததும் பலர் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள்ளேயே போகும். காய்ந்ததும் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் துடைத்தெடுத்து, கீழே விழுந்த பொடியையும் கூட்டி அள்ளிவிட்டு, இரண்டு வாரம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். பூப்பு குறைந்துகொண்டே வந்தால் கட்டுமான ஈரம் தீர்ந்து வருகிறது. குறையாமல் வந்துகொண்டே இருந்தால் எங்கிருந்தோ புதிதாகத் தண்ணீர் வருகிறது. பூப்பின் மேலேயே வண்ணம் அடித்தால், படலத்துக்குப் பின்னால் உப்பு படிகமாகிப் பருத்து, வண்ணத்தோடு பூச்சையும் சேர்த்துப் பெயர்க்கும்.

விரிசல்களில் மயிரிழை போன்றவை பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை. விரிசல் நிரப்பும் பசையைத் தேய்த்தால் போதும். தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேர்கோடாக ஓடுவது வேறு வகை. இரண்டு பொருளும் வெயிலில் வெவ்வேறு அளவு விரிவதால் அது வருகிறது. பசையை எத்தனை முறை அடைத்தாலும் திரும்பத் திறக்கும். அங்கே பூச்சை ஓரடி அகலத்துக்கு உடைத்து, இரண்டு பக்கமும் பிடிக்கும்படி கோழிவலை அடித்து, மறுபடி பூச வேண்டும். சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப் போலச் சாய்வாக இறங்கி ஆண்டுக்காண்டு அகலமாகும் விரிசல் வண்ணக்காரர் வேலையே இல்லை. பொறியாளரைக் கூப்பிட வேண்டும். எலாஸ்டிக் போல இழுபடும் கெட்டிப் பூச்சுகள் இப்போது நிறைய விற்கின்றன. சிறு விரிசல்களை அவை மூடவே செய்கின்றன. ஆனால் பின்னால் ஈரம் நிற்கும் சுவரில் அவை கொப்புளத்தைப் பெரிதாக்கும்.

பிரைமரும் பட்டியும் பற்றி எனக்குத் திட்டமான கருத்து உண்டு. வெளிச்சுவருக்குக் காரத்தைத் தாங்கும் வெளிப்புற பிரைமர் கட்டாயம். அதற்குப் பதிலாக எமல்ஷனையே தண்ணியாகக் கலந்து ஒரு கோட்டு அடித்துவிட்டு பிரைமர் என்று சொல்வது ஏமாற்று. பட்டியோ, வெளியே முழுச் சுவருக்கும் தேவையில்லை. உள்ளறைச் சுவர் போல வழவழப்பாக வெளிச்சுவரும் இருக்க வேண்டும் என்ற ஆசையில் இரண்டு கோட்டு பட்டி இழுக்கிறார்கள். வெயிலும் மழையும் மாறி மாறிப் படும் இடத்தில், மெல்லிய, தனியாகக் காய்ந்த அந்த அடுக்குதான் முதலில் பிடிப்பை விடுகிறது. பள்ளத்தையும் ஒட்டுப் போட்ட இடத்தையும் மட்டும் வெள்ளைச் சிமென்ட் பட்டியால் சரிசெய்து, கொத்தனார் விட்ட சொரசொரப்பை அப்படியே விட்டால் பிரைமர் நன்றாகக் கவ்விக்கொள்ளும். அக்ரிலிக் பட்டி உள்சுவருக்கானது. அதை வெளியே பூசவே கூடாது.

பழைய வீடுகளுக்கு மறுவண்ணம் அடிப்பதில் மிக அதிகமாகத் தோல்வி தருவது அடியில் இருக்கும் சுண்ணாம்பும் சிமென்ட் பெயின்டும். நாற்பது, ஐம்பது ஆண்டு பழைய வீட்டில் பொங்கல்தோறும் அடித்த சுண்ணாம்பு அடுக்கடுக்காகத் தடித்திருக்கும். அதன்மேல் எமல்ஷன் அடித்தால், எமல்ஷன் சுண்ணாம்பை இறுகப் பிடித்துக்கொள்ளும், காயும்போது சுருங்கும், அந்த இழுப்பில் சுண்ணாம்பு சுவரை விட்டுவிடும். உரிந்து விழுந்த வண்ணத் தோலைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருப்பது இதற்குச் சான்று. தளர்ந்த அடுக்கை எல்லாம் கம்பி பிரஷாலும் பட்டி பிளேடாலும் உறுதியான பரப்பு வரும்வரை சுரண்டித்தான் ஆக வேண்டும். முழுதும் சுரண்ட முடியாது, கையிலும் அவ்வளவு பணமில்லை என்றால், நான் எமல்ஷனைப் பரிந்துரைக்க மாட்டேன். அந்தச் சுவருக்கு மறுபடியும் சுண்ணாம்பே நல்லது. நிறம் வேண்டுமென்றால் காவியோ மஞ்சள் மண்ணோ கலக்கலாம். அவை சுண்ணாம்பின் காரத்துக்கு நிறம் மாறாதவை.

ஊரில் ஸ்னோசெம் என்ற வணிகப் பெயராலேயே வழங்கும் சிமென்ட் பெயின்டுக்கும் ஈரம் வேண்டும். அது சிமென்டுதான், தண்ணீர் இருந்தால்தான் இறுகும். சுவரை நனைத்து அடித்து, கலந்ததை ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்து, மறுநாளிலிருந்து தண்ணீர் தெளித்து இறுகவிட வேண்டும். தெளிக்காமல் விட்ட சுவர்கள்தான் தொட்டால் பொடி விடுகின்றன. சுற்றுச்சுவர், மாட்டுக்கொட்டகை போன்ற சொரசொரப்பான பரப்புகளுக்கு இன்றும் அது சிக்கனமான, நியாயமான தேர்வு.

பாசிக்கு வருவோம். பாசியைச் சுரண்டிவிட்டு அடிப்பதோடு நிறுத்தினால் வேர் மாதிரி உள்ளே மிஞ்சியது அடுத்த மழையில் புது வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வரும். பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் தெளிந்த நீரைப் பூசி, சில மணி நேரம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவிய சுவர் பல நாள் காய வேண்டும். பிளீச்சிங் கரைசலோடு கழிவறை ஆசிட்டையோ வேறு எந்த அமிலத்தையோ சேர்த்துவிடக் கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைக்கும். இதை வேலையாட்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது வீட்டுக்காரர் கடமை.

தரையிலிருந்து மூன்றடி உயரம்வரை சுவர் பொரிந்து கொட்டுவது ஓதம். அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவே ஈரத்தடுப்பு அடுக்கு போடாத வீடுகளில், மண்ணின் நீர் செங்கல்லின் நுண்துளை வழியே ஏறி, காற்றுப் படும் இடத்தில் ஆவியாகி, உப்பை அங்கே விட்டுச் செல்கிறது. அந்த மூன்றடிக்கு எனாமல் பட்டை அடிப்பதும், டைல்ஸ் ஒட்டுவதும் எங்கும் காணும் வைத்தியம். ஆவியாகும் வழியை அடைத்ததும் நீர் இன்னும் மேலே ஏறி, டைல்ஸுக்கு மேலே ஓதம் தெரியும். சுவரை ஒட்டிய மண்மட்டத்தைத் தாழ்த்தி, மழைத் தண்ணீர் வெளியே ஓடும்படி சாய்வு கொடுத்து, பொரிந்த சிமென்ட் பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசி, சுண்ணாம்பே அடிப்பது செலவு குறைந்த வழி. சுவரில் துளையிட்டு ரசாயனம் செலுத்தி ஈரத்தடுப்பு உண்டாக்கும் முறையும் இருக்கிறது. தேர்ந்த கை வேண்டும்.

காரைக் கட்டடங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்து, பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சென்னைச் சுண்ணப் பூச்சைப் பார்த்த ஐரோப்பியர்கள் சலவைக்கல் என்று வியந்திருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடுகளின் பூச்சில் கடுக்காயும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக் கருவும் சேர்ந்தன. நூறு ஆண்டு கடந்தும் வழவழப்புப் போகாத சுவர்கள் காரைக்குடிப் பக்கத்தில் இன்னும் நிற்கின்றன. இந்தச் சுவர்கள் மழையில் ஈரம் வாங்கி வெயிலில் விடும் இயல்புள்ளவை. அவற்றில் உடைந்த இடத்தைச் சிமென்டால் ஒட்டி, மேலே எமல்ஷன் அடிக்கும்போது, ஈரம் சிமென்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்துப் பழைய காரைக்குள் தேங்குகிறது. ஒட்டு நன்றாக நிற்க, அதைச் சுற்றியிருந்த நல்ல காரை உதிர்கிறது. புதுச்சேரியின் கடலோரத் தெருக்களிலும் இதே கதை நடக்கிறது, அங்கே கடலுப்பும் சேர்ந்துகொள்கிறது. காரைக்குக் காரை, சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீற்றிய சுண்ணாம்பை வாரக்கணக்கில் ஊறவைத்து அரைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைந்துவருகிறார்கள்; இருப்பவர்களுக்கு வேலை கொடுத்தால்தான் அடுத்த கை பழகும். மண்சுவருக்கும் இதுவே பொருந்தும். மண்ணின் மேல் சிமென்ட் பூச்சு ஓடு போலத் தனியாக நின்று ஒருநாள் பாளம் பாளமாகச் சரியும். செம்மண் குழைத்து மெழுகி, சுண்ணாம்பு அடித்த மண்சுவர் தலைமுறை தாண்டும்.

பூசாத செங்கல் சுவரை வண்ணமில்லாமல் விட்டுவிடுவதே என் விருப்பம். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் கட்டிய செங்கல் கட்டடங்கள், கனத்த மழையுள்ள ஊரிலேயே அப்படி நிற்கின்றன. நீண்ட தாழ்வாரமும் நல்ல இணைப்புக் காரையும் இருந்தால் செங்கலுக்கு வேறு காப்பு வேண்டியதில்லை. நம் நாட்டுச் செங்கல் மென்மையாக இருந்து நீரை அதிகம் குடித்தால், படலம் போடாமல் துளைக்குள் ஊறி நீரை விலக்கும் சிலேன், சிலாக்சேன் வகைப் பூச்சு அடிக்கலாம். ஒருமுறை எமல்ஷன் அடித்த செங்கலைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மணலைப் பீய்ச்சி உரித்தால், சூளை கொடுத்த வெந்த தோலும் சேர்ந்து போய்விடும்.

இரும்புக்கு வரும்போது பொறுமையின் கணக்கு தலைகீழாகிறது. சுவரில் காத்திருக்க வேண்டும். இரும்பில் காத்திருக்கவே கூடாது. சுத்தம் செய்த இரும்பு கடலோர ஊரில் சில மணி நேரத்திலேயே மறுபடி துருப் பிடிக்கத் தொடங்கும். காலையில் தேய்த்த கிரில்லுக்கு அன்று மாலைக்குள் பிரைமர் ஏறிவிட வேண்டும். கடற்காற்று வீசும் இடத்தில் தேய்ப்பதற்கு முன்பே நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்கிக் காயவைக்க வேண்டும். உப்பை உள்ளே வைத்து மூடினால் துரு படலத்துக்கு அடியிலேயே ஊர்ந்து பரவும். புதுக் கம்பியில் நீலக்கறுப்பாக ஒரு செதில் ஒட்டியிருக்கும், அதை உறுதியென்று நம்பி மேலே அடித்தால் ஓராண்டில் செதிலோடு வண்ணமும் கழன்றுவிடும். வெல்டிங் பற்றுகளில் தங்கிய கசடைத் தட்டி எடுக்க வேண்டும். துரு முதலில் கிளம்புவது அங்கேயும், கேட்டின் கீழ் விளிம்பிலும், கம்பி தரையில் நுழையும் இடத்திலும்தான். கூர்மையான விளிம்பில் வண்ணம் மெலிந்து விலகும் என்பதால், முழுக் கோட்டுக்கு முன் விளிம்புகளுக்கும் பற்றுகளுக்கும் மட்டும் பிரஷால் ஒரு கோட்டு தனியாக இழுப்பது நல்ல பெயின்டருக்கு அடையாளம். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவு, எங்கும் கிடைக்கும். கடலுக்கு அருகில் உள்ள வீட்டுக்கு ஜிங்க் பாஸ்பேட் பிரைமருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. பட்டறையில் ஒரு கோட்டு ரெட் ஆக்சைடு தடவி வந்த கிரில்லை அப்படியே பொருத்தி மேலே எனாமல் அடிக்கிறோம். வண்டியில் உரசியதும் வெயிலில் கிடந்து பொடிந்ததும் அந்தக் கோட்டில் இருக்கும். தேய்த்துவிட்டு இன்னொரு கோட்டு பிரைமர் கொடுக்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு பார்வைக்கு இரும்பு போலிருந்தாலும் குணம் வேறு. எனாமலை நேரே அடித்தால் அதிலுள்ள எண்ணெய் அமிலங்களும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பாகி, ஓராண்டுக்குள் வண்ணம் தாள் தாளாக வரும். எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, தகட்டை அரித்துப் பிடிக்கும் எட்ச் பிரைமரோ அக்ரிலிக் பிரைமரோ அடித்த பிறகே நிறம்.

கூரையிலுள்ள கல்நார் சிமென்ட் ஷீட்டைக் காய்ந்த நிலையில் தேய்க்கவோ, கம்பி பிரஷ் போடவோ, அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சவோ கூடாது. கல்நாரின் எல்லா வகைகளும் புற்றுநோய் தருபவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தேய்க்கும்போது பறக்கும் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலுக்குப் போகும். உடையாத ஷீட்டை நனைத்து மென்மையாகத் துடைத்து, காரம் தாங்கும் பிரைமர் கொடுத்து வெள்ளை அடித்தால் இழை உள்ளேயே கட்டுப்படும், கீழே சூடும் குறையும். உடைந்து பொடிவதை மாற்றிவிடுவதே சரி.

மரத்தில் கவனிக்க வேண்டியது வெட்டுமுகம். கதவின் தலையிலும் அடியிலும் நார் முனைகள் திறந்திருக்கும், நீரை உறிஞ்சுவது அவ்வழிதான். கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் அங்கே யாரும் பிரைமர் தொடுவதில்லை. மழைக்காலத்தில் கதவு உப்பி நிலையில் உரசுவதற்கு அதுவே காரணம். கதவைக் கழற்றி ஆறு பக்கமும் பிரைமர் கொடுக்க வேண்டும். நிலையைச் சுவரில் பதிக்கும் முன் சுவரைத் தொடும் முகத்துக்கும் வேண்டும். தேக்கில் இயற்கை எண்ணெய் அதிகம், தின்னரால் துடைத்தபின் அடித்தால் பிடிக்கும். கணுக்களிலிருந்து பிசின் கசிந்து கறை விடாமலிருக்க அரக்கு வார்னிஷ் தொட வேண்டும். நேர்வெயில் படும் வாசற்கதவுக்குத் தெளிந்த வார்னிஷ் மட்டும் போதும் என்பவர்கள் ஓரிரு ஆண்டுக்கொரு முறை தேய்த்து மறுபடி அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். புற ஊதாக் கதிர் அதை ஊடுருவி அடியிலுள்ள மரநாரைச் சிதைக்கிறது. நிறமுள்ள வண்ணம் கதிரை மறிக்கிறது.

பழைய சன்னல், கதவு, கிரில் தேய்க்கும் வீட்டில் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் சொல்லியாக வேண்டும். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற இந்திய விதி 2016இல் வெளியாகி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், சிவப்பு, பச்சையில், ஈயம் நிறைய இருந்திருக்கலாம். அதைக் காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசு தரையிலும் தொட்டில் துணியிலும் படியும். சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் கெடுக்கும். நனைத்துத் தேய்த்து, கழிவைத் தாளில் சேகரித்து, வேலை முடிந்ததும் தரையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தேய்ப்பவருக்கு முகக்கவசம் வாங்கித் தர வேண்டும்; முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது போதாது.

காலத்தை மாற்றிக்கொள்ள முடிந்த வீட்டுக்கு, கிழக்குக் கரையோரத் தமிழ்நாட்டில் மாசியும் பங்குனியும்தான் எமல்ஷனுக்கு நல்ல மாதங்கள். சென்னையில் ஆண்டிலேயே மழை மிகக் குறைவு பிப்ரவரியிலும் மார்ச்சிலும். மழைக்கால ஈரம் இறங்கச் சுவருக்கும் ஒன்றரை மாதம் கிடைத்திருக்கும். பனி காய்ந்த பிறகு தொடங்கி, நிழல் நகரும் பக்கமாகச் சுவர் மாற்றிக்கொண்டே போக வேண்டும். காலையில் மேற்கு, பிற்பகலில் கிழக்கு. சுடும் சுவரில் நீர் முன்னதாகவே போய்விடுவதால் துகள்கள் சேர்ந்து படலமாக நேரமிருக்காது. இரண்டு கோட்டுக்கு நடுவில் வாளியில் எழுதியுள்ள நேரம்வரை காத்திருக்க வேண்டும், எழுதிய அளவுக்கு மேல் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பொங்கலுக்கு வீடு புதிதாகத் தெரிய வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். வாசலைக் கழுவி, நிலைக்கதவுக்கும் திண்ணைக்கும் வண்ணம் கொடுத்து, சுவரை மாசிக்கு விட்டுவிடலாம்.

கடைசியாகக் கூலி. நம் ஊரில் வெளிச்சுவர் வேலையைச் சதுர அடிக் கணக்கில் பேசுகிறோம். அந்த விலையில் சுரண்டலும் கழுவலும் காயவிடும் நாட்களும் தனியாகத் தெரிவதில்லை. எவ்வளவு சீக்கிரம் அடித்து முடிக்கிறாரோ அவ்வளவு லாபம் என்று பெயின்டரைத் தள்ளுவது இந்தக் கணக்குதான். சுரண்டுவதையும் கழுவுவதையும் நாள்கூலியாகத் தனியே பேசி, அந்த வேலை முடிந்த சுவரை வீட்டுக்காரர் நேரில் தட்டிப் பார்த்த பிறகு, வண்ணத்துக்கு மட்டும் சதுர அடி விலை வைக்கலாம். சாரத்துக்கும் இடுப்புக் கயிற்றுக்கும் தனித்தொகை எழுதப்பட வேண்டும். இரண்டாம் மாடியில் பிடிமானமில்லாமல் நின்று ஒருவர் அடிப்பதை மலிவு என்று ஏற்றுக்கொள்ளக் கூடாது. தெரு மின்கம்பி சாரத்துக்கு எட்டும் தூரத்தில் ஓடினால், மின்வாரிய அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, அந்தப் பக்கச் சுவருக்கு மின்தடை நாள் வாங்கிக்கொண்ட பிறகே கட்டை ஏற்ற வேண்டும்.